வளைவு வேண்டாம், வாத்தியார் வேண்டும்

(வேலூர்ப் பக்கத்துக் கலைக் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர் கூட்டத்தில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் வாழ்த்திப் பேசிய வாணியம்பாடிப் பேராசிரியர் அவர்களே, குடியாத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் என் வகுப்புத் தோழர்களே, முப்பது வருடம் இங்கே மணியடித்த அண்ணன் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்தது இருபது நிமிடம். பொன்னாடையிலேயே ஆறு நிமிடம் போய்விட்டது.

படிப்பு, கலை, பழைய மாணவர் என்று மூன்று விஷயம் பேசப் போகிறேன்.

முதலில் படிப்பு. சின்னக் கல்லூரிதானே என்று யாரும் கூச்சப்படத் தேவையில்லை. நம் வேலூர் ஊரிசு கல்லூரி 1898இல் கல்லூரியானது. அடுத்த சில வருடங்களில் திருத்தணிப் பையன் ஒருவர் அங்கே வந்து படித்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன்தான் அவர். நம் திருப்பத்தூர்க்காரரான எழுத்தாளர் மு. வரதராசன், அதாவது மு.வ., கல்லூரி வாசலையே மிதிக்காமல் 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாக வந்தார். கட்டடம் போதவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு என் பாட்டி ஒன்று சொல்வார்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சரி, ஆண்டறிக்கையில் முதல்வர் அம்மா மிச்சத்தைச் சொல்லிவிட்டார்.

இனி கலை. 1979இல் முத்தமிழ் விழாவுக்குத் தெருக்கூத்து வைக்கலாம் என்று நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, வந்து இறங்கியது. நாடகம் பதினெட்டாம் போர், பாரதப் போரின் கடைசி நாள் கதை. வேதியியல் ஆய்வகத்தில்தான் வேஷம் கட்டினார்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடம், தோளுக்கு இரண்டு பக்கமும் புஜக்கட்டை, எல்லாம் கட்டிக்கொண்டு துரியோதனன் எழுந்து நின்றால் ஆள் இரண்டு மடங்கு. அரங்கத்து வாசலுக்கு வந்தார். நுழைய முடியவில்லை. நேராக வந்தால் தோள் இடிக்கிறது, பக்கவாட்டில் திரும்பினால் கிரீடம் மேலே முட்டுகிறது. எங்கள் வார்டன் ஓடிவந்து, "கிரீடத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மாட்டிக்கொள்ளுங்களேன்" என்றார். துரியோதனன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டினது விடிஞ்சாத்தான் கழற்றுவேன் சார். நீங்க வேணும்னா கதவைக் கழட்டுங்க."

கதவைக் கழற்றவில்லை. ஜமாவே திரையைத் தூக்கிக்கொண்டு வெளியே புளிய மரத்தடிக்குப் போய்விட்டது. இரண்டு பெட்ரோமாக்ஸ். மத்தளம் அதிர, முகவீணை கிளம்பியதும் விடுதி காலி, பின்னால் ஊரே வந்துவிட்டது. போரில் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டுத் துரியோதனன் மடுவில் ஒளியப் போகிற கட்டம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே விழுந்தான். "மகாராஜா, தண்ணிக்குள்ள ஒளியணும்னு பாலாத்துக்கு வந்துடாதீங்க! முழங்கால்கூட நனையாது. கோட்டைக் கோயில்ல ஒளியலாம், உள்ள சாமியே இல்ல, யாரும் வரமாட்டாங்க!" அன்றைக்கு நிலைமை அதுதான். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் மறுபடி லிங்கம் வந்தது 1981இல். அந்தக் கூத்து ராத்திரி எங்கள் கல்லூரி முதல்வர், கோட்டு சூட்டு இல்லாமல் வெளியே வராத மனிதர், விடியும்வரை மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் கால்சட்டையில் புளியஞ்சருகு ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அழைப்பிதழின் இரண்டாம் பக்கத்தில் அச்சடித்திருக்கிற வளைவுக்காக. முன்னாள் மாணவர் நன்கொடையில் நுழைவாயில் வளைவு, அதில் கொடுத்தவர் பெயர் பளிங்கில். சங்கச் செயலாளர் மேல் எனக்குத் தனிப்பட்ட மரியாதை உண்டு, அவர் வீட்டில் நேற்றுத்தான் சாப்பிட்டேன். ஆனாலும் சொல்கிறேன், வளைவு வேண்டாம். வளைவு முடிந்தால் குளிர்சாதன அரங்கம் கேட்பீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கூத்து நம் பழைய வட ஆற்காட்டுச் சொத்து. செய்யாறு பக்கத்துப் புரிசை ஊர்த் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்து மயங்கித்தான் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைக் கண்டார். பட்டணத்துக்காரர்கள் நம்மிடம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். இங்கே தமிழ் எம்.ஏ. படிக்கிற பிள்ளையைக் கேட்டால் ஆட்டத்தில் கால் வைக்கும் முறையான அடவை நகை அடகு என்கிறாள். அவள்மேல் குற்றமில்லை, யார் காட்டினோம்?

வளைவுக்கு ஆகிற காசில் ஒரு கூத்து வாத்தியாரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். வாரம் இரண்டு மாலை. கால் அடவு, திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற திரை விருத்தம், மத்தளம், கிரீடமும் புஜக்கட்டையும் செய்வது எல்லாம் பிள்ளைகள் பழகட்டும். ஆடி மாதம் புளிய மரத்தடியில் ஒரு ராத்திரி. மரம் இன்னும் இருக்கிறது, வரும்போது பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வளைவு போகிற இடத்துக்கு நேர் குறுக்கே நிற்கிறது, அதனால் அவசரம்.

மூன்றாவதாகப் பழைய மாணவர் பற்றிச் சொல்ல வேண்டும். சீட்டு வந்துவிட்டது, சாம்பார் ஆறுகிறதாம். தாளாளர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். என் பங்கு பத்தாயிரம் ரூபாய், இதோ கையில் இருக்கிறது. ரசீதில் "வளைவு" என்று அச்சடித்திருப்பதை அடித்துவிட்டு "வாத்தியார்" என்று எழுதித் தருவதாக இருந்தால் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.