லேசர்னா வெறும் சூடுதானா? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. "சார், லேசரை வச்சு இரும்பையே வெட்டுறாங்க. அதையே கண்ணாடி போடாம இருக்குறதுக்கான ஆபரேஷன்னு கண்ணுல அடிக்கிறாங்களே, கண்ணு வெந்துபோகாதா? இதுக்கு மேல லேசர்ல புதுசா என்ன வரப்போகுது?"

வேகாது. இரும்பை வெட்டுற லேசர் பெரும்பாலும் அகச்சிவப்பு. அது சூடாக்கி உருக்கும். கண்ணுக்கு வர்றது 193 நானோமீட்டர் அலைநீள புற ஊதா லேசர். அது பட்டதும் மூலக்கூறுகளோட பிணைப்பு அறுந்து, அந்தத் துணுக்கு அப்படியே பறந்துடும். ஒரு துடிப்பு சில நானோசெகண்டுதான், பக்கத்துத் திசுவுக்கு சூடு பரவவே நேரம் இருக்காது. ஒரு துடிப்புல கருவிழியில போறது கிட்டத்தட்ட கால் மைக்ரான். அதுக்காக கடையில விக்கிற லேசர் பாயின்ட்டரை கண்ணுல அடிச்சு விளையாடாதீங்க. 193 மேல்பரப்புலயே நின்னுடும், பாயின்ட்டர் ஒளி விழித்திரை வரைக்கும் போயிடும்.

இதைக் கண்டுபிடிச்சதுல முக்கியமானவர் மெட்ராஸ்ல பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல படிச்ச ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அமெரிக்காவுல ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்தார். 1981 நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் விருந்துல மிஞ்சின வான்கோழியை லேபுக்கு எடுத்துட்டுப் போய் இந்த லேசரை அடிச்சுப் பார்த்தார். கருகவே இல்ல, சுத்தமான வெட்டு. கூட இருந்த ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம், மூணு பேருமா சேர்ந்து அதை மேல கொண்டுபோனாங்க. பச்சை லேசரை அடிச்சா அதே சதை கருகிப்போச்சு. நம்ம ஊர்ல லேசிக்னு சொல்ற இந்தக் கண் ஆபரேஷனைப் பண்ணிக்கிட்ட எத்தனை பேருக்கு இவர் பேரு தெரியும்?

இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. லேசரை வச்சு குளிரவும் வைக்கலாம். அணுக்களோட ஓட்டம் குறைஞ்சா அதுதான் குளிர். நம்மள நோக்கி ஓடி வர்ற பையனை எதிர்ல இருந்து பந்தா வீசி வேகத்தைக் குறைக்கிற மாதிரி, எதிர்ல வர்ற அணு மட்டும் ஒளியை உறிஞ்சுற மாதிரி லேசரோட அதிர்வெண்ணை துளி குறைச்சு வைப்பாங்க. ஆறு பக்கமும் இப்படி அடிச்சா, தனிச்சுழி வெப்பநிலைக்கு (குளிரோட கடைசி எல்லை) மேல டிகிரியில பத்து லட்சத்துல சில பங்கு வரைக்கும் இறங்கிடும். இதுக்குத்தான் 1997 இயற்பியல் நோபல்.

எதுக்கு அவ்வளவு குளிர்? கடிகாரத்துக்கு! ஆடாம நிக்கிற ஸ்ட்ரான்ஷியம் அணுக்களை இன்னொரு லேசரால படிச்சு நேரம் பார்க்குறாங்க. பிரபஞ்சத்தோட வயசு பூரா ஓடினாலும் ஒரு செகண்டு பிசகாத கடிகாரம். ஈர்ப்பு கூடினா நேரம் மெதுவாகும்னு ஐன்ஸ்டீன் சொன்னார் இல்லையா, அதை 2022-ல அமெரிக்காவுல போல்டர்ல ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்துலயே அளந்துட்டாங்க. அப்போ நிலத்தடியில எரிமலைக் குழம்பு நகர்ந்து ஈர்ப்பு துளி மாறுறதைக் கூட கடிகாரத்தை வச்சு கண்காணிக்க வழி இருக்கு. என்னைக் கேட்டா லேசரோட பெரிய எதிர்காலம் இதுதான்.

சூட்டுக்காகவே லேசரை நம்புறது அணுக்கரு இணைவு, அதாவது சின்ன அணுக்கருக்களை ஒண்ணா சேர்த்து ஆற்றல் எடுக்கிறது. கலிஃபோர்னியாவுல லிவர்மோர்ல 192 கற்றைகளை ஒரு சின்ன எரிபொருள் உருண்டைக்காகக் குவிக்கிறாங்க. 2022 டிசம்பர்ல 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் உள்ள போய் 3.15 வெளிய வந்துச்சு. சாதனைதான், சந்தேகமே இல்ல. ஆனா அந்த லேசரை இயக்க மின்சாரமா இழுத்தது சுமார் 300 மெகாஜூல். இதுல இருந்து சீக்கிரமே வீட்டுக்கு கரன்ட் வரும்னு யாராவது சொன்னா, முதல்ல இந்த 300 என்னாச்சுன்னு கேளுங்க.