கடைசி இடத்துக்கு வந்த ஆல்பைன்: தலைமை எங்கே சறுக்கியது?

(2026 தொடக்கத்தில், பந்தயப் பருவம் ஆரம்பிக்கும் முன், சிங்கப்பூர் தேக்காவில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். கார்ப் பந்தயத்தைப் பற்றித் தமிழில் பேச என்ன இருக்கிறது என்று வாசலில் ஓர் அக்கா கேட்டார். "சத்தம்தானே தம்பி அது? இங்கே பந்தயம் நடக்கும் அந்த மூன்று நாளும் பஸ் வேறு சுற்றிச் சுற்றிப் போகும்" என்றார். பஸ் சுற்றிப் போவது உண்மைதான், அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நான் பேச வந்தது சத்தத்தைப் பற்றி இல்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு டீமை நிமிர்த்துவது யார் வேலை, அந்த வேலையை அவரைச் செய்ய விடுகிறார்களா என்பதைப் பற்றி.

2025 ஃபார்முலா ஒன் பட்டியலில் பத்து டீம்கள். முதலிடம் மெக்லாரன், 833 புள்ளி. பத்தாவது இடம் ஆல்பைன், 22 புள்ளி. அந்த 22 புள்ளியும் பியர் காஸ்லி என்ற ஒரே ஓட்டுநர் எடுத்தது. இன்னொரு காரை முதல் ஆறு பந்தயத்துக்கு ஜாக் டூஹன் ஓட்டினார், அப்புறம் பிராங்கோ கொலபின்டோ ஓட்டினார். இருவருக்கும் பூஜ்யம்.

நேற்று முளைத்த டீம் என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். இங்கிலாந்தில் என்ஸ்டன் என்ற சிற்றூரில் இருக்கும் இதே பட்டறையிலிருந்துதான் பெனட்டன் என்ற பெயரில் ஷூமாக்கர் 1994, 1995-இல் உலகச் சாம்பியன் ஆனார். ரெனோ என்ற பெயரில் அலோன்சோ 2005, 2006-இல் ஆனார். நடுவில் லோட்டஸ் என்றும் ஒரு பெயர் இருந்தது. 2021-இலிருந்து ஆல்பைன், முதலாளி ரெனோதான்.

நம் ஊருக்கும் இந்த டீமுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 2008 செப்டம்பரில் மரினா பேயில் முதல் இரவுப் பந்தயம். அலோன்சோ 15-ஆம் இடத்திலிருந்து கிளம்பினார். மற்றவர்களுக்கு முன்பே, 12-ஆவது சுற்றில் டயர் மாற்றி எரிபொருள் போடும் பிட்டுக்கு வந்து போனார். சிறிது நேரத்தில் அவருடைய டீம் தோழர் நெல்சன் பிக்கே ஜூனியர் 17-ஆவது வளைவில் சுவரில் மோதினார். விபத்தின்போது எல்லாரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தது, மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் பிட்டுக்குப் போக வேண்டியிருந்தது, வரிசை குலைந்தது, அலோன்சோ ஜெயித்தார். நாமெல்லாம் கை தட்டினோம். அடுத்த ஆண்டுதான் தெரிந்தது, மோதச் சொல்லி மோதியது என்று. அப்போது டீமை நடத்திய ஃபிளாவியோ பிரியாத்தோரேவுக்குப் பந்தய நிர்வாகம் காலவரையற்ற தடை விதித்தது. அந்தத் தடை செல்லாது என்று 2010 ஜனவரியில் பிரெஞ்சு நீதிமன்றம் சொன்னது. அந்த 17-ஆவது வளைவு இப்போது இல்லை. மிதக்கும் மேடைப் பக்கம் நடக்கும் கட்டுமானத்துக்காக 2023-இல் அந்தப் பகுதியை நேர்ச்சாலை ஆக்கிவிட்டார்கள். வளைவு போய்விட்டது, பிரியாத்தோரே திரும்பி வந்துவிட்டார். 2024-இல் ஆல்பைனுக்கு நிர்வாக ஆலோசகர்.

அவரைத் திட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டால் உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் சுலபம். ஆனால் நோய் அவர் வருவதற்கு முன்பே இருந்தது. முந்திய ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள்.

2022-இல் ஓட்மார் சாஃப்நாவர் டீம் பிரின்சிபலாக, அதாவது டீமை நடத்தும் தலைவராக, வந்தார். அந்த ஆண்டு நான்காம் இடம். நல்ல இடம்தான். ஆனால் ஆகஸ்ட் மாதம் இரண்டே நாளில் மானம் போனது. முதல் நாள், அப்போது ஆல்பைனில் ஓட்டிக்கொண்டிருந்த அலோன்சோ ஆஸ்டன் மார்டினுக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. சாஃப்நாவருக்கே அது அறிக்கையைப் பார்த்துத்தான் தெரியும். மறுநாள், அலோன்சோவுக்குப் பதில் தங்கள் இளைஞர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி ஓட்டுவார் என்று ஆல்பைன் அறிவித்தது. சில மணி நேரத்தில் பியாஸ்ட்ரி, "நான் ஓட்டமாட்டேன்" என்று ட்விட்டரில் போட்டார். விவகாரம் ஒப்பந்தக் குழுவுக்குப் போய், தீர்ப்பு அவர் ஒப்பந்தம் போட்டிருந்த மெக்லாரன் பக்கம் வந்தது. கையெழுத்து யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதே தெரியாத அலுவலகம். அதுவும் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்த பிறகு தெரிந்துகொள்வது!

அடுத்த ஆண்டு ஜூலை, பெல்ஜியம். பந்தய வாரயிறுதியின் வெள்ளிக்கிழமையே சாஃப்நாவரை அனுப்புவதாக அறிவித்தார்கள். கூடவே ஆலன் பெர்மேனையும். பெர்மேன் அந்தப் பட்டறையில் 34 ஆண்டு இருந்தவர். தலைமைத் தொழில்நுட்ப நிபுணர் பேட் ஃப்ரை அதே நேரத்தில் வில்லியம்ஸுக்குக் கிளம்பினார். நூறு பந்தயத்துக்குள் முன்னணிக்கு வருவோம் என்று சொன்ன தலைமை நிர்வாகி லோரோன் ரோசியை அதற்குச் சற்று முன்புதான் மாற்றியிருந்தார்கள். பிறகு சாஃப்நாவர் இடத்துக்கு புரூனோ ஃபமான் வந்தார். 2024 ஆகஸ்டில் ஆலிவர் ஓக்ஸ் வந்தார். ஒரு வருடம்கூட முடியவில்லை, 2025 மே மாதம் அவரும் விலகினார். செப்டம்பரில் ஸ்டீவ் நீல்சன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இங்கே முதலாளி பல தச்சர்களைக் கண்டார், எல்லாரையும் பாதி மரத்தில் எழுப்பிவிட்டார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாமா? இந்த டீமை விட்டுப் போனவர்கள் 2025 முடிவில் எங்கே இருந்தார்கள்? பியாஸ்ட்ரி மெக்லாரனில், அந்த ஒரே ஆண்டில் ஏழு வெற்றி. பேட் ஃப்ரை இருக்கும் வில்லியம்ஸ் ஐந்தாம் இடம். 34 ஆண்டுக்காரர் பெர்மேன் 2025 நடுவில் ரேசிங் புல்ஸுக்கு டீம் பிரின்சிபல் ஆனார், அது ஆறாம் இடம். அலோன்சோவின் ஆஸ்டன் மார்டின் ஏழு. ஆல்பைனில் ஓட்டிய எஸ்டபான் ஓகோன் போன ஹாஸ் எட்டு. ஆல்பைன் பத்து. திறமை இல்லாதவர்களை வைத்துக்கொண்டு அவர்கள் தோற்கவில்லை என்பது என் கட்சி. இருந்த திறமையை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, வழியனுப்பிவிட்டுத் தோற்றார்கள்.

ஆள் மாறினால் என்ன ஆகும் என்று உங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பராமரிப்பு வேலையில் இருந்த ஓர் இடத்தில் புது மேனேஜர் வந்தால் முதலில் மாறுவது ஃபாரம். பழைய ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கும், ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எடுத்துவிடுவார். சில மாதம் கழித்து ஒரு பம்ப் நிற்கும்போதுதான் அந்தக் கட்டம் எதற்கு என்று புரியும். அதற்குள் அவர் வேறு டிபார்ட்மென்ட்டுக்குப் போயிருப்பார். இத்தனைக்கும் ஃபார்முலா ஒன் கார் ஒன்றில் ஆயிரக்கணக்கான பாகம்.

பாகம் என்றதும் வில்லியம்ஸ் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018, 2019, 2020 மூன்று ஆண்டும் கடைசி. 2020-இல் ஒரு புள்ளிகூட இல்லை. குடும்பம் டீமை விற்றது. 2023 பிப்ரவரியில் மெர்சிடிஸிலிருந்து ஜேம்ஸ் வவுல்ஸ் டீம் பிரின்சிபலாக வந்தார். வந்து பார்த்தால், காரின் சுமார் 20,000 பாகங்களும் ஒரு எக்செல் தாளில். எது எங்கே இருக்கிறது, எப்போது வரும், என்ன விலை, எதுவும் சரியாகத் தெரியாது. அதை மாற்றப் போனார். மாற்றுகிற குளிர்காலத்தில் எல்லாமே தாமதம் ஆனது. விளைவு 2024 மெல்போர்னில் தெரிந்தது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அலெக்ஸ் ஆல்பன் சுவரில் மோதி, காரின் உடற்கூடான சேசிஸ் சேதமாகிவிட்டது. மாற்றுச் சேசிஸ் இல்லை, இன்னும் செய்து முடிக்கவில்லை. ஒரு தப்பும் செய்யாத இன்னொரு ஓட்டுநர் லோகன் சார்ஜன்டைக் காரிலிருந்து இறக்கி, அவர் காரை ஆல்பனுக்குக் கொடுத்தார் வவுல்ஸ். ஆல்பன் 11-ஆவதாக வந்தார், புள்ளி இல்லை. எனக்கு அந்த முடிவு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஒளியவில்லை. கேமரா முன் நின்று, மூன்றாவது சேசிஸ் இல்லாமல் வந்தது எங்கள் குறை என்றார்.

அந்த ஆண்டு வில்லியம்ஸ் 17 புள்ளி, ஒன்பதாம் இடம். ஆல்பைன் மாதிரி முதலாளி என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வில்லியம்ஸ் முதலாளிகள் பொறுத்தார்கள். 2025-இல் 137 புள்ளி, ஐந்தாம் இடம், அவர்களுடைய ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸுக்கு இரண்டு முறை முதல் மூன்று பேர் ஏறும் மேடை.

அதே ஆண்டு அக்டோபரில் நம் ஊரிலேயே ஒரு சோதனை வந்தது. தகுதிச் சுற்று முடிந்த சனிக்கிழமை இரவு, பின்இறக்கையின் திறப்பு அனுமதித்த 85 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது என்று வில்லியம்ஸின் இரண்டு காரையும் தகுதி நீக்கினார்கள். அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் சைன்ஸ் பின்வரிசையிலிருந்து கிளம்பி பத்தாவதாக முடித்து ஒரு புள்ளி எடுத்தார். நம் தெருக்களில், ஓவர்டேக் செய்ய இடமே இல்லாத சாலையில்! டிவியில் மெக்லாரனைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள், நியாயம்தான், அவர்கள் அன்றிரவு இங்கேதான் டீம் பட்டத்தை உறுதி செய்தார்கள். இன்னும் ஆறு பந்தயம் மிச்சம் இருக்கும்போதே. 2023 முதல் பந்தயத்தில் அதே மெக்லாரனின் ஒரு கார் நின்றுபோனது, இன்னொன்று ஆறு முறை பிட்டுக்கு வந்து 17-ஆவதாக முடித்தது. அந்தப் பருவம் தொடங்கும் முன்பே, கார் நாங்கள் நினைத்த அளவு இல்லை என்று வாய்விட்டுச் சொன்னவர் அதன் டீம் பிரின்சிபல் ஆண்ட்ரியா ஸ்டெல்லா. வெளியிலிருந்து கொண்டுவந்த மந்திரவாதி இல்லை அவர், 2015-இலிருந்து அங்கேயே இருந்தவர்.

சரி, ஆல்பைனுக்கு எதிர்காலம் உண்டா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். 2021-இலிருந்து செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது, ஆகவே பணக்கார டீம் காசைக் கொட்டி ஓடிவிட முடியாது. காரின் வடிவத்தைக் காற்றில் வைத்துப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையிலும் கீழே இருப்பவருக்குச் சலுகை: அனுமதிக்கும் சோதனை அளவு சாம்பியனுக்கு 70 சதவீதம் என்றால் பத்தாம் இடத்துக்கு 115. இந்த ஆண்டு கார், என்ஜின் இரண்டுக்கும் விதி புதிது. எல்லோரும் வெள்ளைத் தாளில் தொடங்குகிறார்கள், ஆல்பைன் 2025 காரைச் சீக்கிரமே கைவிட்டு இதற்குத்தான் உழைத்தது.

பிறகு என்ஜின். ரெனோ தன் ஃபார்முலா ஒன் என்ஜினை நிறுத்தி, 2026 முதல் மெர்சிடிஸ் என்ஜின் வாங்குகிறது. பிரான்ஸில் விரி ஷாட்டியோன் பட்டறை ஆட்கள் 2024-இல் மோன்சா பந்தயத்துக்கே போய், பார்வையாளர் மாடத்தில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வில்லியம்ஸுக்கும் ரெட் புல்லுக்கும் பட்டம் வாங்கிக் கொடுத்த என்ஜின் செய்த இடம் அது. எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஒரு நன்மையும் உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை வருடம் என்ஜின்தான் அந்தக் கூடமாக இருந்தது. மெக்லாரன் பட்டம் வாங்கியதும் மெர்சிடிஸிடம் காசு கொடுத்து வாங்கிய என்ஜினில்தான். இனி என்ஸ்டனில் யாரும் அந்தப் பக்கம் கை காட்ட முடியாது.

என் கவலை வேறு. நீல்சன் அந்தப் பட்டறையைப் பல வருடமாக அறிந்தவர், சத்தம் போடாமல் வேலை செய்கிறவர் என்று பெயர். ஆனால் அவருக்கு மேலே பிரியாத்தோரே, அதற்கு மேலே ரெனோ, அங்கும் 2025-இல் தலைமை நிர்வாகி மாறிவிட்டார். இறுதிச் சொல் யாருடையது? காஸ்லி 2028 வரை கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவர் எதையோ பார்த்திருக்க வேண்டும். ஓட்டுநர்கள் கோப்பியே நம்மைக் கேட்டுக் குடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் ஒரு தம்பி எழுந்து, "நீங்களே முதலாளி என்றால் யாரைப் போடுவீர்கள்?" என்று கேட்டார். புதிதாக யாரையும் போடமாட்டேன் என்றேன். நீல்சனை மூன்று வருடத்துக்குத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெர்மேன் மாதிரி ஆட்கள் இன்னும் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் கேட்பேன். இந்த ஆண்டு எந்த இடம் வருவார்கள் என்று விடாமல் கேட்டார். ஏழு என்றேன். சிரித்தார், எட்டு என்று பந்தயம் கட்டினார். அக்டோபர் 9 முதல் 11 வரை இங்கே பந்தயம், இந்த முறை ஸ்பிரின்ட் என்ற குட்டிப் பந்தயமும் உண்டு. அதற்குள் கணக்கு ஓரளவு தெரிந்துவிடும்.