லேபிள் வராமல் நின்ற தையல் லைன்: ஒரு திருப்பூர் ஆர்டரின் 90 நாள் கணக்கு

[காட்சி: மேசை மேல் ஒரு சின்ன வெள்ளை லேபிள். பின்னால் ஓடாமல் நிற்கும் ஓவர்லாக் மெஷின்கள்.]

வணக்கம். இந்த லேபிளைப் பாருங்கள். டி-ஷர்ட்டின் உள்பக்கம், ஓரத் தையலில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். எந்தச் சூட்டில் துவைக்கலாம், அயர்ன் போடலாமா கூடாதா என்று போட்டிருக்கும். வாஷ்கேர் லேபிள் என்பார்கள். சட்டையின் விலையோடு பார்த்தால் இதன் விலை ஒன்றுமே இல்லை. இது வராததால் ஒரு தையல் லைன் முழுவதும் நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருந்தது. துணி இருந்தது, நூல் இருந்தது, ஆளும் இருந்தார்கள். ஆனால் ஓரம் அடிக்கும்போதே லேபிளைச் செருகித் தைத்தாக வேண்டும். பிறகு வைப்பதென்றால் தையலைப் பிரிக்க வேண்டும். 20,000 பீஸுக்கு யார் பிரிப்பது?

அந்த ஆர்டரின் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரைத் தொடக்கம் முதல் ஷிப்மெண்ட் வரை பார்த்துக்கொள்கிற ஆள், நான்தான். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

[காட்சி: நூல் கோனிலிருந்து கப்பல் வரை ஒரு நீண்ட கோடு.]

சப்ளை செயின் என்றதும் கிடங்கு, லாரி, ஸ்டாக் என்றுதான் நினைப்போம். ஆவின் பால் பாக்கெட்டுக்கு அது சரி. தினமும் அதே பால், அதே பாக்கெட், அதே ரூட். அங்கே புராஜெக்ட் மேனேஜ்மெண்டுக்குப் பெரிய வேலை இல்லை. திருப்பூர் ஏற்றுமதி ஆர்டர் அப்படி இல்லை. ஒவ்வொன்றிலும் நிறம் வேறு, அளவு வேறு, பையர் (ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி) வேறு. தொடங்குகிற நாளும் முடிகிற நாளும் எழுதியே வருகின்றன. கட்டடம் கட்டுகிற மாதிரி ஒவ்வோர் ஆர்டரும் ஒரு புராஜெக்ட். நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது) ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம் என்று பல கம்பெனிகள் ஜாப் வொர்க்காகச் சேர்ந்து கட்டுகிற கட்டடம்.

இதற்காக இந்தத் தொழிலில் ஒரு தாள் உண்டு. டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர். சுருக்கமாக டி அண்ட் ஏ. எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். எல்லா ஆபீஸிலும் இருக்கும். பல ஆபீஸ்களில் பையர் கேட்ட அன்றைக்கு மட்டும் திறக்கப்படும்.

என் ஆர்டரின் தாளைத் திறக்கிறேன். நாட்களைக் கொஞ்சம் எளிமையாக்கியிருக்கிறேன்.

[காட்சி: திரையில் இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன.]

மொத்தம் 90 நாள். நூல் வாங்க 7 நாள், நிட்டிங் 12 நாள். ஆக 19-ஆம் நாள் சாயம் போடாத துணி கையில். இன்னொரு பக்கம் லேப் டிப். பையர் கேட்ட நிறத்தில் ஒரு சின்னத் துண்டுத் துணியைச் சாயம் போட்டு அனுப்பி ஒப்புதல் வாங்குவது. அதற்கு 15 நாள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம், ஏனென்றால் இங்கே நிட்டிங் முடிந்துதான் சாயம். (கோடு போட்ட டி-ஷர்ட்டாக இருந்தால் கதை வேறு. நூலுக்கே சாயம் போட வேண்டும். நிறம் ஓகே ஆகாமல் நிட்டிங் மெஷினில் நூலை ஏற்றவே முடியாது.)

19, 15. லேப் டிப்புக்கு நான்கு நாள் மிச்சம் இருக்கிறது. இந்த மிச்சத்தைத்தான் ஸ்லாக் என்கிறார்கள். மிச்சமே இல்லாத வேலைகளின் தொடர் கிரிட்டிகல் பாத். 1957-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயனக் கம்பெனி வேலைகளுக்காக மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய முறை இது. கிரிட்டிகல் பாத்தில் ஒரு நாள் போனால் ஷிப்மெண்ட் ஒரு நாள் போகும். மற்ற வேலைகளில் மிச்சம் தீரும்வரை ஒன்றும் ஆகாது.

இப்போது பையர், "ஷேட் கொஞ்சம் டார்க், திரும்ப அனுப்புங்கள்" என்று ஒரு வரி மெயில் போடுகிறார் என்று வையுங்கள். லேப் டிப்புக்கு 15 அல்ல, 30 நாள். துணி 19-ஆம் நாளே வந்து 11 நாள் சும்மா கிடக்கும். கிரிட்டிகல் பாத் நிட்டிங்கிலிருந்து லேப் டிப்புக்குத் தாவிவிட்டது. நீங்கள் பழக்கதோஷத்தில் நிட்டிங்காரருக்கே போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எனக்கு அதற்கு முந்தைய ஆர்டரில் அப்படித்தான் ஆனது. அதனால் இந்த முறை லேப் டிப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன். முதல் தடவையே ஓகே. ஆபீஸில் எல்லோருக்கும் டீ, பஜ்ஜி.

[காட்சி: கோடு நீள்கிறது. 34, 44, 46, 68, 78, 85 என்ற எண்கள்.]

சாயமும் காம்பாக்டிங்கும் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தி எடுப்பது) 15 நாள், ஆக 34. அந்த நிஜத் துணியிலேயே பிபி சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய மாதிரி, தைத்து அனுப்பி ஒப்புதல் வாங்க 10 நாள், 44. ஒப்புதல் வராமல் கட்டிங் மேசையில் கத்தி வைக்கக் கூடாது. 46-இல் தையல் தொடக்கம், 68-இல் முடிவு. செக்கிங், அயர்ன், பேக்கிங் முடிய 78. பையர் தரப்பு இன்ஸ்பெக்‌ஷன், லாரி, கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து 85. கையிருப்பு 5 நாள்.

லேபிள்? பையர் சொன்ன ஹாங்காங் சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். டிசைன் ஒப்புதல் 10, தயாரிப்பு 12, வந்து சேர 10, மொத்தம் 32 நாள். தேவை 46-ஆம் நாள். 14 நாள் மிச்சம். தாளைப் பார்க்கிற யாருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

நான் ஆர்டர் போட்டது 18-ஆம் நாள். 18-உம் 32-உம் 50. தேவை 46. லைன் சும்மா உட்கார்ந்திருந்த நான்கு நாள் இதுதான்.

ஏன் 18? லேபிளில் அச்சடிக்க வேண்டிய விவரங்கள் 6-ஆம் நாளே பையரிடமிருந்து வந்துவிட்டன. மீதி 12 நாள் அந்த மெயில் இன்பாக்ஸில் கிடந்தது. பர்ச்சேஸ் துறை ஆர்டர் போடும் என்று நான் இருந்தேன். மெர்ச்சண்டைசிங் சொல்லட்டும் என்று பர்ச்சேஸ் இருந்தது. தாளில் தேதி இருந்தது, யார் என்ற பெயர் இல்லை. என்னைக் கேட்டால் திருப்பூரில் நாட்கள் மெஷினில் தொலைவதைவிட வேலை கைமாறும் இடத்தில்தான் அதிகம் தொலைகின்றன. அதற்குப் பிறகு நான் டி அண்ட் ஏ தாளில் துறை பெயர் எழுதுவதே இல்லை. ஆள் பெயர்தான்.

[காட்சி: சாயப்பட்டறை. வரிசையாக சாஃப்ட் ஃப்ளோ என்னும் சாய மெஷின்கள், வெளியே துணி மூட்டைகள்.]

அந்த 15 நாளில் சாயப்பட்டறை மட்டும் 12 நாள் கேட்கிறது. ஆனால் ஒரு லாட் (ஒரே தடவையில் சாயம் போடும் துணி) மெஷினுக்குள் இருப்பது ஒரு நாளைக்கும் குறைவு. மீதி எல்லாம் காத்திருப்பு. உங்கள் துணிக்கு முன்னால் வேறு ஐந்து கம்பெனித் துணி நிற்கிறது. "மாஸ்டர், நம்ம லாட் என்னாச்சுங்க?" என்று கேட்டால், "காலைல ஏத்திரலாங்க" என்பார். எந்தக் காலை என்று சொல்லமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. போன் போடுகிற எல்லோருக்கும் அவர் அதைத்தான் சொல்ல முடியும்.

கிரிட்டிகல் பாத் கணக்கு தடுமாறுகிற இடமும் இதுதான். அது உங்கள் ஆர்டர் ஒன்றை மட்டும் பார்க்கிறது. மெஷினோ பத்து ஆர்டருக்குப் பொது. ஆகவே மெஷினில் நமக்கென்று ஒரு நாளை முன்கூட்டியே பிடித்து வைத்து, துணியை அந்த நாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழி. கல்யாண மண்டபத்தைப் பிடித்த பிறகுதானே பத்திரிகை அடிக்கிறோம்.

இன்னொன்று, ஒளித்து வைக்கிற நாட்கள். நிட்டிங்காரர் பயத்தில் இரண்டு நாள் கூட்டிச் சொல்வார், சாயக்காரர் மூன்று. கூட்டிய நாள் மிஞ்சுமா? மிஞ்சாது. இன்னும் நாள் இருக்கிறதே என்று ஆரம்பிப்பதே தாமதமாகும். அந்த நாட்களை எல்லாம் பேசி வாங்கி, கடைசியில் ஒரே கையிருப்பாக வையுங்கள். என்னிடம் இருந்த 5 நாள் அப்படிச் சேர்த்ததுதான். லேபிள் அதில் நான்கைத் தின்றது.

[காட்சி: நொய்யல் ஆறு.]

ரிஸ்க் என்று தனி ஷீட் போடுவார்கள், "மழை, மின்வெட்டு" என்று எழுதி மூடிவிடுவார்கள். திருப்பூருக்கு நிஜமான ரிஸ்க் எப்படி இருக்கும் என்பதற்கு 2011 ஜனவரி. நொய்யலில் சாயக்கழிவு கலப்பது தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நிட்டிங் மெஷின் ஓடுகிறது, தையல் மெஷின் காத்திருக்கிறது, நடுவில் சாயம் இல்லை. வெளி மாநிலங்கள் வரை துணியை அனுப்பிச் சாயம் போட்டார்கள். அந்த வழக்கு திடீரென்று முளைத்ததல்ல, ஆண்டுக்கணக்கில் நடந்தது. உங்கள் ரிஸ்க் ஷீட்டில் இரண்டாவது சாயப்பட்டறையின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தீபாவளியையும் எழுதுங்கள். ஊருக்குப் போன தொழிலாளர்கள் எல்லோரும் திரும்பி வந்து லைன் பழையபடி ஓடச் சில நாள் பிடிக்கும்.

[காட்சி: தூத்துக்குடி துறைமுகம், கண்டெய்னர்கள்.]

சரி, அந்த ஆர்டர் என்ன ஆனது? 89-ஆம் நாள் கண்டெய்னர் தூத்துக்குடி துறைமுகத்துக்குள் போனது. அங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றம். சின்னக் கப்பலை விட்டால் பெரிய கப்பலும் போய்விடும்; அடுத்ததற்கு ஒரு வாரம். பையர் காத்திருக்க மாட்டேன் என்றால் விமானம், அந்தச் செலவு நம் தலையில். ஆர்டரின் லாபம் அதோடு சரி. நான் அன்று இரவு பத்தரை மணிக்கு கேட் பாஸ் போட்டோ வாட்ஸ்அப்பில் வரும்வரை சாப்பிடவில்லை.

போட்டோ வந்தது. பின்னாலேயே அடுத்த ஆர்டருக்கு பையரிடமிருந்து மெயில்: லேப் டிப் ஷேட் கொஞ்சம் டார்க், திரும்ப அனுப்புங்கள்.