ஆட்டுத் தலையை ஒதுக்கிவைத்த மனிதர்: வெசாலியஸ்

வணக்கம் நண்பர்களே. பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. இரண்டு கை விரல்களையும் முகவாயின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் காது வரைக்கும் அழுத்தித் தடவிக்கொண்டே போங்கள். நடுவில் எங்காவது இணைப்பு தட்டுப்படுகிறதா? படாது. வளர்ந்த மனிதனுக்குக் கீழ்த்தாடை ஒரே எலும்பு. ஆனால் ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, அது இரண்டு எலும்பு என்றே மருத்துவம் படிப்பவர்கள் நம்பினார்கள். ஏனென்றால் கேலன் அப்படி எழுதியிருந்தார்.

கேலன் சாதாரண ஆள் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர், பெரிய மேதை. மனித உடலை அறுத்துப் பார்க்க அன்று வழியில்லை என்பதால் குரங்கு, பன்றி, மாடு இவற்றை அறுத்துப் பார்த்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையே மனித உடல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதை உடைத்தவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். 1514 டிசம்பர் 31 அன்று பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். அப்பா புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு மருந்து தயாரித்துக் கொடுத்தவர். மகன் மருத்துவம் படிக்க பாரிஸ் போனார். அந்தக் கால உடற்கூறு வகுப்பு எப்படி நடக்கும் தெரியுமா? பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை வாசிப்பார். கீழே நாவிதர் ஒருவர் உடலை அறுப்பார். வாசிப்பவர் உடலைத் தொடுவதில்லை, அறுப்பவருக்கு லத்தீன் தெரியாது. புத்தகத்தில் ஒன்று இருக்கும், மேசையில் வேறொன்று கிடக்கும். அதை யாரும் கவனிக்கவில்லை.

வெசாலியஸ் பாரிஸின் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அங்கே குவிந்து கிடந்த எலும்புகளை மணிக்கணக்கில் எடுத்துப் பார்ப்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் கிடைக்கும் எலும்பு எது என்று தடவியே சொல்ல வேண்டும். நண்பர்களோடு இப்படிப் பந்தயம் கட்டுவாராம். நான் பிசியோதெரபி படித்த முதல் வருடம், மணிக்கட்டின் எட்டுச் சின்ன எலும்புகளைப் பையில் போட்டுக் கைவிட்டுத் தடவித் தடவித்தான் பழகினேன். 500 வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதையே செய்திருக்கிறார் என்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

1536-ல் பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் உள்ள லூவன் நகரத்துக்குத் திரும்பினார். ஊருக்கு வெளியே தூக்குமேடை, அதில் ஒரு குற்றவாளியின் உடல். பறவைகள் தின்று தீர்த்து, எலும்பும் அதைப் பிணைக்கும் நாண்களும்தான் மிச்சம். நண்பரோடு போனவர் மேலே ஏறி, கால்களையும் கைகளையும் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். மார்புக் கூடு சங்கிலியில் மாட்டியிருந்தது. அதை எடுப்பதற்காகவே, கோட்டைக் கதவு சாத்தின பிறகும் ராத்திரி வெளியிலேயே தங்கிவிட்டார்.

அடுத்த வருடம் இத்தாலியின் பதுவா. பட்டம் வாங்கிய மறுநாளே அங்கு அறுவை மருத்துவமும் உடற்கூறும் கற்பிக்கும் பொறுப்பு கிடைத்தது. வயது 23 கூட நிரம்பவில்லை. நாற்காலியை விட்டு இறங்கித் தன் கையாலேயே அறுத்தார்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. அவர் எடுத்த எடுப்பிலேயே கேலனை எதிர்க்கவில்லை. 1538-ல் வெளியிட்ட ஆறு படத்தாள்களில் கல்லீரலுக்கு ஐந்து மடல்கள் போட்டிருக்கிறார். மனிதக் கல்லீரல் அப்படி இருக்காது. மூளையின் அடியில் 'அற்புத வலை' என்ற ரத்தக்குழாய்ப் பின்னலையும் வரைந்திருக்கிறார். அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் உண்டு, மனிதனுக்குக் கிடையாது. மனிதத் தலையை அறுக்கும்போதெல்லாம் ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ பக்கத்தில் தயாராக வைத்திருப்பாராம். மனிதத் தலையில் காணாத வலையை அதில் காட்டுவதற்கு! இதைப் பின்னாளில் அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கேலன் மேல் வைத்த அளவுகடந்த நம்பிக்கையால் தான் எவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார். அந்த வரிகளுக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்தப் புத்தகம்தான் 'ஃபாப்ரிகா', மனித உடலின் கட்டமைப்பைப் பற்றியது. 1543-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் அச்சானது. அவருக்கு அப்போது 28 வயது. படங்களுக்கான மர அச்சுக்கட்டைகள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து போயின. தாடை ஒரே எலும்பு, மார்பெலும்பு ஏழு துண்டு அல்ல மூன்று, அற்புத வலை மனிதனுக்கு இல்லை என்று வரிசையாகத் திருத்தினார். முகப்புப் படத்தில் கூட்டத்துக்கு நடுவில் உடல் மேல் கைவைத்து நிற்பவர் அவரேதான். நாவிதர்கள் மேசைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாரிஸில் பாடம் சொன்ன சில்வியஸ் கொதித்துப்போனார். பழைய மாணவனைப் பைத்தியக்காரன் என்றே எழுதினார். கேலன் தவறவில்லை, அதற்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்பது அவர் வாதம்.

புத்தகம் வந்த பின் வெசாலியஸ் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் மருத்துவரானார். அந்த நேரத்தில் மனம் வெறுத்துத் தன் குறிப்புகள் பலவற்றை எரித்துவிட்டார். என்னென்ன போயிற்றோ! 1564-ல் ஜெருசலேம் யாத்திரை போய்த் திரும்பும் வழியில் கிரேக்கத்தின் ஜாகிந்தோஸ் தீவில் இறந்தார். வயது 49.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதயத்தின் வலது, இடது கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அதன் வழியாக ரத்தம் கசிகிறது என்றார் கேலன். 1543-ல் வெசாலியஸ் இதைப் பார்த்து வியப்பதோடு நிறுத்திக்கொண்டார். 1555-ல் வந்த இரண்டாம் பதிப்பில், அந்தச் சுவர் வழியாகத் துளி ரத்தமாவது எப்படிப் போகும் என்று தனக்குப் புரியவில்லை என வெளிப்படையாகவே எழுதினார். அப்படியானால் ரத்தம் எந்த வழியாகப் போகிறது? பதுவாவில் அவருக்குப் பின் வந்த ரியால்டோ கொலம்போ ஒரு பதில் சொன்னார். அதே பதுவாவில் படித்த வில்லியம் ஹார்வி 1628-ல் முழுப் பதிலையும் சொன்னார். அடுத்த வீடியோவில் அதைப் பார்ப்போம். வரட்டுமா?