ஆவுளியாக் கொழுக்கட்டை

அனைவருக்கும் வணக்கம். தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, நம் பிள்ளைகளுக்குத் தினமும் சோறாக்கிப் போடும் சமையலர் அக்காமார்களே!

சமையல் விளையாட்டின் வழியாகப் பிள்ளைகளுக்கு உடல்நலம் சொல்லித்தருவது பற்றிப் பேச அழைத்தார்கள். கை கழுவுவது, கீரை, இனிப்பு என்று மூன்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்பார் என் அப்பத்தா. பிள்ளை உடம்பும் அப்படித்தான்.

பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு கொழுக்கட்டை பிடித்தோம். அடுப்பைச் சமையலர் அக்கா பார்த்துக்கொண்டார். முதலில் முருங்கைக்கீரை ஆயும் போட்டி. அப்புறம் அரிசி மாவு, கீரை, தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துப் பிசைந்து, இஷ்டப்பட்ட உருவத்தில் பிடிக்கச் சொன்னேன். வள்ளம் வந்தது, நண்டு வந்தது. ஒரு பிள்ளை பாம்பன் பாலமே செய்தது. வேகும்போது நடுவில் பிளந்துவிட்டது. “கப்பல் போகத் திறந்திருக்கோம் சார்” என்றது!

ஒரு பையன் மட்டும் கீரையைத் தொடவே மாட்டேன் என்றான். மீன் இல்லாமல் சோறு இறங்காதாம். வெறும் மாவில் ஆவுளியா பிடித்தான், அதாவது கடல் பசு. துடுப்பும் வாலும் அச்சு அசல்.

“தம்பி, ஆவுளியா மீன் தின்னுமா?”

“இல்ல சார், கடல் புல்லுதான் மேயும். அப்பா சொன்னாரு.”

“புல்லைத் தின்றா முந்நூறு, நானூறு கிலோ வருது?”

கொஞ்ச நேரம் யோசித்தான். கீரையை அள்ளி ஆவுளியா வயிற்றில் திணித்தான். வெந்ததும் எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான். மறுவாரம் அவன் அம்மா, “கீரை பறிச்சுத் தான்னு நச்சரிக்கிறான் சார்” என்றார்.

சரி, இனிப்புக்கு வருவோம். அன்று வாங்கிய கருப்பட்டியில் பாதி சீனிப்பாகு. நல்ல கருப்பட்டியையும் பிள்ளைகளுக்கு அளவாகத்தான் தர வேண்டும். ஆனால் அந்த நல்லது எங்கே? நம் மாநில மரம் பனை. வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். இன்னும் சூளைக்குப் போகிறது, ஐயா! பனை இல்லாமல் நுங்கு ஏது, பதநீர் ஏது, கிழங்கு ஏது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பனை பாளை விடப் பதினைந்து வருஷம்கூட ஆகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இன்று ஊன்றினால், வேலைக்குப் போகும் வயதில் பதநீர் குடிக்கும்.

கை கழுவுவதைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. வேனில் மூன்று மூட்டை பனங்கொட்டை இருக்கிறது. ஊருணிக் கரை காலியாகக் கிடக்கிறது. கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஊன்றிவிட்டுப் போவோம்.