சட்டியில் இருக்கிறது, அகப்பையில் வரவில்லை

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, மாலை நேரத்தில் அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மையார் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்பு பேசி என் வேலையில் பாதியைக் குறைத்துவிட்ட பேராசிரியர் அவர்களே, இரண்டு முறை மக்கர் செய்த ஒலிபெருக்கியைச் சரிசெய்து தந்த தம்பி அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசையில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் தம்பி, தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். தலைவர் அவர்கள் இருபது நிமிடம் என்றார். இருபது என்றால் இருபத்தைந்து என்று செயலாளர் காதோடு சொன்னார். இருவர் சொல்லையும் மதிக்கிறேன்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். விண்ணப்பம் போட்டுப் போட்டு மறுப்பு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து உறவுக்காரர்கள் முதலில் எடுத்து வீசுவது இந்தப் பழமொழியைத்தான். உனக்குத் திறமை போதாது என்பதை நாசூக்காகச் சொல்கிறார்களாம்! என் கட்சி வேறு. பெரும்பாலானவர்களுக்குச் சட்டியில் இருக்கிறது. அகப்பை அடிவரை போவதில்லை, அவ்வளவுதான். அந்த அகப்பைதான் ரெஸ்யூமே. இன்று ஐந்து செய்திகள் சொல்லப்போகிறேன்: மறுப்பு எந்தக் கட்டத்தில் வருகிறது, எந்திரம் எப்படிப் படிக்கிறது, மனிதர் எப்படிப் படிக்கிறார், ரெஸ்யூமேயோடு அனுப்பும் கடிதமான கவர் லெட்டர், நேர்காணல்.

முதலாவது, கட்டம். எல்லா மறுப்பும் ஒரே மறுப்பு அல்ல. அனுப்பிய சில நிமிடங்களிலேயே மறுப்பு வந்தால், ரெஸ்யூமேயை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இணையப் படிவத்தில் ஆம், இல்லை என்று டிக் அடிக்கச் சொல்கிறார்களே, இந்த உரிமம் உண்டா, இத்தனை ஆண்டு அனுபவம் உண்டா, அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று, அவற்றில் ஏதோ ஒன்று தட்டியிருக்கும். வாரக்கணக்கில் பதிலே இல்லையென்றால் ரெஸ்யூமேயைச் சந்தேகிக்கலாம். கூடவே தேதியையும் பாருங்கள்; விளம்பரம் வந்து மூன்று வாரம் கழித்துப் போட்ட விண்ணப்பத்துக்கு ரெஸ்யூமே என்ன செய்யும்? நேர்காணல்வரை கூப்பிட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்கிறார்களா? அப்படியானால் ரெஸ்யூமே தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, அதில் கை வைக்காதீர்கள். நன்றாக இருந்ததைக் கெடுத்துக்கொண்டவர்களில் இந்த ரகம்தான் அதிகம். எக்செல்லில் நான்கு நெடுவரிசை போதும்: அனுப்பிய தேதி, பதவி, ரெஸ்யூமேயின் எந்தப் பதிப்பு, எந்தக் கட்டத்தில் நின்றது. பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் ஓட்டை எங்கே என்று அதுவே காட்டும்.

இரண்டாவது, எந்திரம். விண்ணப்பங்களைக் கையாள நிறுவனங்கள் வைத்திருக்கும் ஏ.டி.எஸ். என்கிற மென்பொருள்தான் எல்லாரையும் கழித்துக்கட்டுகிறது என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. பெரும்பாலும் அது செய்வது விண்ணப்பங்களைச் சேமித்து, எழுத்துகளைப் பிரித்தெடுத்து, தேடினால் எடுத்துக் கொடுப்பதுதான். ஆனால் பிரித்தெடுக்கும்போது குழம்பும். இன்றிரவே சோதித்துப் பாருங்கள். உங்கள் பி.டி.எஃப்.பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்த அழகான வார்ப்புருவாக (டெம்ப்ளேட்) இருந்தால், ‘கிடங்கு மேற்பார்வையாளர் ஆங்கிலம், இந்தி 2019 முதல் கேரம்’ என்று வந்து நிற்கலாம். இடப்பத்தியும் வலப்பத்தியும் கலந்துவிட்டன. ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது எழுத்தல்ல, ஸ்கேன் செய்த படம். தொலைபேசி எண்ணைப் பக்கத்தின் தலைப்புப் பட்டையில், அதாவது ஹெடரில் வைக்காதீர்கள். சில மென்பொருள்கள் அந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை. இடம், வலம் என்று பிரிக்காத ஒரே பத்தி, அட்டவணை கிடையாது, டெக்ஸ்ட் பாக்ஸ் கிடையாது, எழுத்தளவு பத்தரை அல்லது பதினொன்று. சான்றிதழின் பெயரை ஒரு முறை முழுதாகவும் ஒரு முறை சுருக்கமாகவும் எழுதுங்கள், தேடுகிறவர் எதை அடிப்பார் என்று சொல்ல முடியாது. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக விளம்பரச் சொற்களை ஒளித்து வைக்கும் தந்திரம் வேண்டாம். எழுத்தைப் பிரித்தெடுத்ததும் அத்தனையும் கறுப்பாகக் கண்முன் வந்துவிடும். பிறகு அதைப் படிக்கும் மனிதரிடம் உங்கள் மற்ற வரிகளுக்கும் மரியாதை போய்விடும்.

மூன்றாவது, மனிதர். இங்கே ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும், தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். 1482 வாக்கில், முப்பது வயதை ஒட்டிய ஓவியர் ஒருவர் இத்தாலியின் மிலானில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு ஒரு கடிதம் தயாரித்தார். ஓவியரின் பெயர் லியொனார்டோ டா வின்சி. அந்தக் கடிதத்தின் வரைவு அவருடைய தாள்களைச் சேர்த்த கோடெக்ஸ் அட்லாண்டிகஸ் என்ற தொகுப்பில் இன்றும் இருக்கிறது. உலகம் போற்றப்போகும் ஓவியர், வேலை கேட்டு எழுதுகிறார். அடுக்கும் திறமைகளில் முதலாவதாக என்ன இருக்கும் என்கிறீர்கள்? நானொரு ஓவியன் என்றா? இல்லை! எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய, உறுதியான பாலம் கட்டுவேன், எதிரியைத் துரத்தவும் ஆகும், தப்பி ஓடவும் ஆகும் என்கிறார். (தப்பி ஓடுவதையும் சேர்த்துக்கொண்டார் பாருங்கள், அனுபவசாலி!) அடுத்து, முற்றுகையின்போது அகழி நீரை வடிப்பேன். அடுத்து, கல்மாரி பொழியும் பீரங்கி. அடுத்து, சத்தமில்லாமல் சுரங்கம், வேண்டுமானால் ஆற்றுக்கு அடியிலும். அடுத்து, மூடிய போர் வண்டி. கடற்போரா, அதற்கும் கருவி உண்டு. இப்படி எண் போட்டு அடுக்கிக்கொண்டே போய், பத்தாவதாக அமைதிக் காலத்தில் கட்டடமும் கட்டுவேன், நீரையும் கொண்டுவருவேன் என்கிறார். அதற்கும் கீழேதான் சிலையும் ஓவியமும் வருகின்றன. ஓவியத்திலும் எவருக்கும் சளைத்தவன் அல்லன் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை! கடைசியில், இவை நடக்காது என்று யாராவது நினைத்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்துகாட்டத் தயார் என்று முடிக்கிறார்.

சட்டியில் ஓவியம் நிறைய இருந்தது. கேட்பவருக்குப் போர்க் கவலை. அகப்பை எதை எடுத்தது என்று பார்த்தீர்களா? நம் பிள்ளைகளோ எல்லா விளம்பரத்துக்கும் ஒரே தாளை அனுப்புகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. நீங்கள் செய்த வேலை, படித்த படிப்பு அத்தனையையும் நான்கைந்து பக்கத்துக்கு ஒரு மூலக் கோப்பாக எழுதி வையுங்கள். அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். விளம்பரத்தை அச்செடுத்து, கட்டாயம் என்று கேட்பதை ஒரு நிறத்திலும், இருந்தால் நல்லது என்பதை வேறு நிறத்திலும் கோடிடுங்கள். கட்டாயம் என்ற ஒவ்வொன்றுக்கும் மூலக் கோப்பிலிருந்து ஒரு சான்று எடுத்து, முதல் பக்கத்தின் மேல்பாதிக்குள் கொண்டுவாருங்கள். பாதிக்கு மேல் சான்று கிடைக்கவில்லையென்றால் அந்த வேலையை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். புதியவருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு இரண்டு. கடைசி வேலைக்கு ஐந்தாறு வரி, பழையவற்றுக்கு ஒன்றிரண்டு.

வரி எப்படி இருக்க வேண்டும்? ‘கிடங்கில் சரக்கு நிர்வாகப் பொறுப்பு வகித்தேன்.’ இதை எந்தக் கிடங்குக்காரரும் எழுதலாம். ‘1,200 வகை உதிரிபாகங்கள் கொண்ட கிடங்கு; மாதந்தோறும் இருப்புச் சரிபார்ப்பு; ஏட்டுக்கும் கையிருப்புக்கும் இருந்த வேறுபாட்டை ஓராண்டில் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைத்தேன்.’ இதைப் படித்தவர் எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்கத் தோன்றிக் கூப்பிடுவார். கணக்கு கையில் இல்லையா? ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று உங்களையே கேளுங்கள், ஏதாவது ஒரு எண் கிடைக்கும். புளுகாதீர்கள், நேர்காணலில் முதல் கேள்வியே அந்த எண்ணிலிருந்துதான் வரும். ‘கடின உழைப்பாளி’, ‘குழுவோடு இணைந்து செயல்படுபவர்’, எக்செல் 80 சதவீதம் என்று வண்ணப் பட்டை, எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். 80 சதவீத எக்செல் என்றால் மீதி 20 எங்கே? வேலையில் இடைவெளி இருந்தால் ‘2021–2022: தந்தையின் உடல்நலப் பராமரிப்பு’ என்று ஒரு வரி. மறைத்தால்தான் கண்ணில் குத்தும்.

நான்காவது, கவர் லெட்டர். நேரம் ஓடுகிறது, அரைப் பக்கத்தைத் தாண்டாதீர்கள் என்பதோடு விடுகிறேன். ஏனென்றால் நான் வந்ததே வேறு ஒரு காரியத்துக்காக, அதைச் சொல்லாமல் இறங்கினால் தூக்கம் வராது.

தன் ரெஸ்யூமேயில் உள்ள ஓட்டை எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது. எழுதாமல் விட்டதையும் மனசு சேர்த்துப் படித்துவிடும். இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஏஜென்சிகள் அதைத்தான் விற்கின்றன. நான் கேட்பது நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர், வாரத்தில் ஒரு மாலை. உலகத்து அறிவையெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், ஒரு தாளைப் படித்துச் சொல்ல ஆளில்லை என்றால் அழகா?

முறையையும் வகுத்திருக்கிறேன். படிப்பவர் தாளை முப்பது விநாடி மட்டும் பார்த்துவிட்டுக் கவிழ்த்துவிட வேண்டும். பிறகு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: இவர் எந்த வேலைக்குக் கேட்கிறார், கடைசியாக என்ன வேலை செய்தார், நினைவில் நின்ற ஒரு காரியம் எது? மூன்றில் ஒன்று வரவில்லையென்றாலும் மேல்பாதியைத் திருப்பி எழுத வேண்டும். எழுத்துப்பிழை பார்ப்பது அதற்குப் பிறகுதான். முதலிலேயே பிழை திருத்த உட்கார்ந்தால் மாலை முழுக்கக் கால்புள்ளியிலேயே போய்விடும். படித்த தாள் உரியவரிடமே திரும்ப வேண்டும், நகல் வைத்துக்கொள்ளக் கூடாது. மறுப்பு வாங்கியவரே அடுத்தவருடையதைப் படிக்கலாம், படிப்பும் பட்டமும் அதற்குத் தேவையில்லை.

நூலகர் அம்மையார் தலையசைப்பது இங்கிருந்து தெரிகிறது. மேலிடத்துக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போடுங்கள். வாராவாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் பெயரையும் நாளையும் அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள். நேர்காணலைப் பற்றிச் சொல்வதாகச் சொன்ன ஐந்தாவது செய்தியை எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் அம்மையார் பார்த்துக்கொள்வார்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.