ஒரு முதுகின் கதை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். முர்னாவ் இயக்கி 1924-இல் பெர்லினில் வெளியான ஜெர்மன் மௌனப்படம் ‘கடைசி மனிதன்’. அதன் உயிர் கேமராவிலா, நடிப்பிலா என்பது வழக்கு. நடிப்பில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், படத்தின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்டின் கேமராவைக் கொண்டாடினார். லிஃப்டில் இறங்கி, சைக்கிளில் ஏறி, ஓட்டல் கூடத்தைக் கடந்து சுழல்கதவு வரை அது போகும் அழகை விவரித்தார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, கதவுக்கு வெளியே கொட்டும் மழையில் நிற்பது யார்? பித்தளைப் பொத்தான்கள் மின்னும் சீருடையில், வாயிற்காவலராக எமில் யானிங்ஸ்! அவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கட்டடம்.

இந்தப் படத்தில், திரையில் எழுத்தாக வரும் வசன அட்டைகள் கிடையாது. முடிவுப் பகுதிக்கு முன்னால் வரும் ஒரே ஓர் அட்டைதான். மற்றதையெல்லாம் உடம்பே சொல்லியாக வேண்டும். யானிங்ஸுக்கு அப்போது வயது 40, கிழவராகவே வாழ்ந்திருக்கிறார். கனத்த பெட்டியைத் தூக்கிக் களைத்து உட்கார்ந்ததை மேலாளர் பார்த்துவிடுகிறார். தள்ளாமையைக் காரணம் காட்டிக் கழிவறைப் பணிக்கு இறக்குகிறார்கள். சீருடைக் கோட்டைக் கழற்றும்போது ஒரு பொத்தான் அறுந்து விழுகிறது. அதுவரை தளபதியைப்போல் நிமிர்ந்திருந்த முதுகு அங்கே கூனிப்போகிறது. ஒப்பனைக்காரர் தாடியை ஒட்டலாம், அந்தக் கூனலை ஒட்ட முடியுமா?

குடிபோதைக் காட்சிக்காக ஃப்ராய்ண்ட் கேமராவை மார்பில் கட்டிக்கொண்டு தள்ளாடினாராம். உண்மை. ஆனால் அந்தத் தள்ளாட்டம் நமக்கு ஏன் வலிக்கிறது? பறிபோன சீருடையை இரவில் திருடி எடுத்துவந்து, வீட்டுத் திருமணத்தில் அணிந்து மானத்தைக் காத்துக்கொண்ட மனிதரின் முகத்தை அதற்குள் பார்த்துவிட்டோம். விடிந்ததும் அதே சீருடையை ரயில் நிலையப் பொருள் காப்பறையில் விட்டுவிட்டு அவர் கழிவறைக்குப் போக வேண்டும்.

பிறகு அக்கம்பக்கம் முழுக்க உண்மை தெரிந்து கைகொட்டிச் சிரிக்கிறது. சீருடையை ஓட்டலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருண்ட கழிவறையில் ஒடுங்கி உட்கார்கிறார். இரவுக் காவலாளி தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்துகிறார். அங்கே லிஃப்டும் இல்லை, சைக்கிளும் இல்லை. இரண்டு மனிதர்கள், ஒரு பழைய கோட்டு.

நடுவர் அவர்களே, அந்தக் காட்சியை மனத்தில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லுங்கள்.